முதுமை எய்தும் நடு எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருக்கைகளுக்குப் பின்னால் எஞ்சினை வைத்துக் கட்டப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் 1980களிலும் 1990களிலும் வெளிவந்தவை, வெறும் பழைய கார் என்ற நிலையைக் கடந்து கிளாசிக் என்ற பெயரை எட்டிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர்களும் வாங்க எண்ணுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. விடைகள் எல்லாம் ஒரே நீளத்தில் இல்லை. எந்த இடத்தில் அலட்சியம் காட்டினால் காரே கைவிட்டுப் போகுமோ, அந்த இடத்தில் சற்று விரிவாகப் பேசியிருக்கிறோம்.

நடு எஞ்சின் கார் என்று எதைச் சொல்கிறோம்?

எஞ்சின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் அமைந்திருந்தால் அது நடு எஞ்சின் கார். போர்ஷே 911இன் எஞ்சின் பின் அச்சையும் தாண்டி வால் பகுதியில் இருப்பதால் அது இந்தக் கணக்கில் வராது. அதே நிறுவனத்தின் பாக்ஸ்டர் வரும். 1966இல் விற்பனைக்கு வந்த லம்போர்கினி மியூரா, 1972இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9, 1984இல் வந்த டொயோட்டா எம்ஆர்2, 1984 மாடலாக அறிமுகமான பான்டியாக் ஃபியரோ, 1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ், 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் ஆகியவை இந்தக் குடும்பத்தில் பலரும் அறிந்த பெயர்கள். விலையில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஆனால் முதுமை அடையும் விதத்தில் இவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவினர்கள்.

மற்ற பழைய கார்களிலிருந்து இவற்றின் முதுமை எப்படி வேறுபடுகிறது?

முன்னால் எஞ்சின் உள்ள காரில் ரேடியேட்டர், எஞ்சின், கியர்பாக்ஸ், ஓட்டுபவரின் கால் மிதிகள் ஆகிய எல்லாமே ஒன்றையொன்று ஒட்டி இருக்கும். நடு எஞ்சின் காரில் அப்படியில்லை. பெரும்பாலான மாடல்களில் ரேடியேட்டர் மூக்கில் இருக்கிறது. எஞ்சினோ இரண்டு மீட்டருக்கும் அப்பால் பின்னால் இருக்கிறது. கியர் குச்சி நடுவில், கியர்பாக்ஸ் வால் பக்கம். கிளட்ச் மிதி முன்னால், கிளட்ச் பின்னால். இந்த இடைவெளியை நிரப்பும் குழாய்களும் கேபிள்களும் ஹோஸ்களும் தரைத்தட்டுக்கு அடியிலும் நடுச்சுரங்கத்துக்கு உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகின்றன. எஞ்சின் பெரும்பாலும் உறுதியாகத்தான் இருக்கும். முதலில் தளர்ந்துபோவது எஞ்சினையும் ஓட்டுபவரையும் இணைக்கும் இந்த நரம்புகள்தாம்.

இரண்டாவது வேறுபாடு வெப்பம். முன் எஞ்சின் கார் ஓடும்போது காற்று நேராக எஞ்சின் மீது மோதுகிறது. நடு எஞ்சினுக்குப் பக்கவாட்டுத் துளைகள் வழியாகவும் அடிப்பக்கத்திலிருந்தும் கிடைக்கும் காற்று மட்டுமே உண்டு; காரை நிறுத்தியதும் அதுவும் நின்றுவிடும். அந்த மூடிய அறைக்குள் தேங்கும் வெப்பத்தில் ரப்பர் கெட்டிப்படுகிறது, பிளாஸ்டிக் கனெக்டர்கள் பிஸ்கட் போல நொறுங்குகின்றன, வயரின் உறை வெடிக்கிறது. சில மாடல்களில் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் அறை மின்விசிறி சில நிமிடங்கள் சுற்றுவது இந்த வெப்பத்தை வெளியேற்றத்தான். அந்தச் சத்தத்தைக் கோளாறு என்று எண்ணி மின்விசிறியின் இணைப்பைத் துண்டித்துவிட்டவர்களும் உண்டு.

என்னுடைய கார் எதிர்காலத்தில் கிளாசிக் ஆகுமா?

வரலாற்று வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டு வயதுடையதாகவும், வரலாற்று ரீதியாகச் சரியான நிலையில் பேணப்படுவதாகவும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாகவும் உள்ள வாகனத்தையே வரலாற்று வாகனம் என்று வரையறுக்கிறது. வயது தானாக வந்துவிடும். இரண்டாவது நிபந்தனைதான் உரிமையாளரின் கையில் இருக்கிறது.

விலையைப் பொறுத்தவரை, எந்தக் காருக்கும் புதிய பொருளாக இருந்த காலத்துக்கும் அரிய பொருளாகும் காலத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. பழுது பார்க்கும் செலவு காரின் விலையை மிஞ்சிவிடும் காலம் அது. எம்ஆர்2, எக்ஸ்1/9, ஃபியரோ போன்ற எளிய விலைக் கார்கள் பெருமளவில் காயலான் கடைக்குப் போனது அந்தப் பள்ளத்தில்தான். உங்கள் கார் அதைத் தாண்டி வந்திருந்தால், இடையில் யாரோ ஒருவர் கணக்குப் பார்க்காமல் செலவழித்திருக்கிறார் என்று பொருள். அதே நேரத்தில் இதை முதலீடாக எண்ணி இறங்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை. காப்பீடு, நிறுத்துமிடம், டயர், பெல்ட், ஹோஸ் ஆகிய எல்லாச் செலவையும் கூட்டிப் பார்த்தால், விலை உயர்ந்த பிறகும் கைக்கு மிஞ்சுவது பெரும்பாலும் சொற்பமே.

வாங்கும்போது குறைந்த கிலோமீட்டர் ஓடிய காரைத் தேர்ந்தெடுக்கலாமா?

அளவுமானியில் உள்ள எண்ணை விடக் கோப்பில் உள்ள ரசீதுகளே முக்கியம். பத்து ஆண்டுகள் அசையாமல் நின்ற காரில் ஆயில் சீல்கள் காய்ந்திருக்கும். பிரேக் பேடை வட்டில் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன்கள் இறுகியிருக்கும். பெட்ரோல் டேங்க்கின் அடியில் துருவும் பிசினும் படிந்திருக்கும். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு வேலைக்கும் தேதியிட்ட ரசீது உள்ள கார், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், மொத்தச் செலவில் மலிவாகவே முடியும்.

பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது வரும் புகையும் சத்தமும் சூடான எஞ்சினில் மறைந்துவிடும். போய்ச் சேர்ந்ததும் எஞ்சின் மூடியின் மீது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மாடலுக்கே உரிய நோய்களையும் முன்பே அறிந்துகொண்டு செல்ல வேண்டும். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங் உடைந்தால் எஞ்சினே பாழாகிவிடும்; அது மாற்றப்பட்டிருக்கிறதா என்பது விலையையே தீர்மானிக்கும். மூன்றாம் தலைமுறை எம்ஆர்2இன் முதல் சில ஆண்டு மாடல்களில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் இருக்கும், புகையைச் சுத்திகரிக்கும் சிறிய கேட்டலிஸ்ட்கள் உதிர்ந்து, அந்தப் பீங்கான் தூள் எஞ்சினுக்குள்ளேயே இழுக்கப்பட்டு சிலிண்டரைத் தேய்த்துவிடும். ரோவர் கே சீரிஸ் எஞ்சின் பொருத்தப்பட்ட எலிஸ், எம்ஜி எஃப் இரண்டிலும் சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையில் உள்ள அடைப்பான ஹெட் கேஸ்கெட் பெயர் பெற்ற பலவீனம். தொடக்க கால என்எஸ்எக்ஸ்களில் சிலவற்றின் கியர்பாக்ஸில் உள்ள ஸ்னாப் ரிங் என்னும் பிடிப்பு வளையம் உடையக்கூடியது. இவற்றில் எதுவும் காரைத் தவிர்ப்பதற்கான காரணம் அன்று. விற்பவரிடம் எந்த ரசீதைக் கேட்பது என்பதற்கான குறிப்பு மட்டுமே.

குளிரூட்டும் அமைப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூக்கில் உள்ள ரேடியேட்டருக்கும் பின்னால் உள்ள எஞ்சினுக்கும் இடையே எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைக் கொண்டு சென்று திரும்பக் கொண்டுவரும் நீண்ட குழாய்கள், பல மாடல்களில் இரும்பால் ஆனவை. சாலையின் ஈரமும் சரளையும் வெளிப்பக்கத்தைத் தின்ன, மாற்றப்படாத பழைய கூலன்ட் உட்பக்கத்தைத் தின்னும். எம்ஜி எஃப்இன் தரையடிக் குழாய்கள் துருப்பிடிப்பதற்குப் பெயர் போனவை. பலர் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களாக மாற்றிக்கொண்டனர். அசல் தன்மையைப் பற்றி எவ்வளவு கண்டிப்பாக இருப்பவரும் இந்த ஒரு மாற்றத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்பது நம் கருத்து.

காரை லிஃப்டில் ஏற்றியதும் குழாய்களின் நடுப்பகுதியைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்புகளுக்குப் பின்னால், ரப்பர் பட்டைக்கும் உலோகத்துக்கும் இடையில்தான் ஈரம் தங்கி அரிக்கிறது. ஒவ்வொரு கிளாம்பையும் தளர்த்தி, விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால், அதன் அடியில் உலோகம் தாள் அளவுக்கு மெலிந்திருக்கக்கூடும். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போன்ற படிவு இருந்தால், அங்கே கசிவு தொடங்கிவிட்டது.

அடுத்தது காற்று. குழாய்கள் நீளமாகவும் மேடு பள்ளமாகவும் ஓடுவதால், கூலன்ட்டை மாற்றும்போது உள்ளே காற்றுக் குமிழ் சிக்கிக்கொள்வது இந்தக் கார்களில் மிக எளிது. காற்று தெர்மோஸ்டாட்டின் பக்கத்திலோ சிலிண்டர் ஹெட்டிலோ தங்கிவிட்டால், வெப்பமானி சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அலுமினியம் வளைந்துவிடும். சென்சார் நீரில் மூழ்காமல் காற்றில் இருந்தால் அது உண்மையைச் சொல்லாது. ஆகவே உற்பத்தியாளரின் பணிமனைக் கையேட்டில் கொடுக்கப்பட்ட வரிசைப்படியே ஒவ்வொரு காற்றுத் திருகையும் திறந்து மூட வேண்டும். இப்போதெல்லாம் முழு அமைப்பையும் வெற்றிடமாக்கிவிட்டுக் கூலன்ட்டை உறிஞ்ச வைக்கும் கருவி கிடைக்கிறது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அந்த வெற்றிடம் குறையாமல் நிற்கிறதா என்று பார்த்தால் கசிவுச் சோதனையும் சேர்ந்தே நடந்துவிடும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், மூடி தாங்கும் அழுத்தம் 1 பார் என்றால் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். செலவு மிகக் குறைவு என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே நல்லது. கூலன்ட்டின் நிறத்தை மட்டும் பார்த்து வேறு வகையை ஊற்றிக் கலக்க வேண்டாம். நிறத்துக்கும் வேதி வகைக்கும் உறுதியான தொடர்பு இல்லை.

தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானதா, மிகைப்படுத்தப்பட்டதா?

உண்மையானது. பெட்ரோல் குழாய்களும் கொதிக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே மூடிய அறைக்குள் நெருக்கமாக இருக்கின்றன. அந்த அறை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் புகையைக் கடைசியாகப் பார்ப்பவர் அவர்தான். கார்புரேட்டரிலிருந்து வழிந்த பெட்ரோலால் எரிந்துபோன மியூராக்கள் உண்டு. 1984 மாடல் ஃபியரோவின் 2.5 லிட்டர் எஞ்சினில் கனெக்டிங் ராட் உடைந்து, ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மீது சிந்தித் தீப்பிடித்த நிகழ்வுகளால் அந்தக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த எஞ்சினில் ஆயில் அளவு குறைந்ததும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. ஆயில் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு பெரிய காப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலைக் கருத்தில் கொள்ளாத காலத்தில் செய்யப்பட்ட ரப்பர் ஹோஸ்கள் அதில் ஊறி மென்மையாகியும், பின்னர் காய்ந்து வெடித்தும் போகின்றன. ஹோஸை இரு விரல்களுக்கிடையில் அழுத்தி வளைத்துப் பாருங்கள். வளைந்த இடத்தில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலோ, ரப்பர் மெழுகுபோல் பிசுபிசுத்தாலோ, அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அன்றே மாற்ற வேண்டும். பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள காரில் அழுத்தம் அதிகம் என்பதால், இன்ஜெக்ஷனுக்கென்றே தரம் குறிக்கப்பட்ட, எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் மட்டுமே பொருத்தப்பட வேண்டும். கிளாம்புகளும் விளிம்பு மழுங்கிய இன்ஜெக்ஷன் வகையாக இருக்க வேண்டும். துளையிட்ட பட்டை கொண்ட சாதாரணக் கிளாம்ப் புதிய ஹோஸையே அறுத்துவிடும். டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ஹோஸ்களையும் ஒரே நாளில் மாற்றி, தேதியை எழுதி வையுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது எது என்று காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

காருக்குள் பெட்ரோல் வாசனை வந்தால், வீடு போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டக் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீப்பிடித்துவிட்டால் எஞ்சின் மூடியை முழுவதுமாகத் திறக்காதீர்கள். உள்ளே பாயும் காற்று நெருப்பைப் பெரிதாக்கும். மூடியின் காற்றுத் துளைகள் வழியாகவோ, இம்மியளவு திறந்த இடுக்கு வழியாகவோ அடிக்க வேண்டும். தீ ஏற்கெனவே பரவிவிட்டது என்றால் காரை விட்டு விலகி நிற்பதே அறிவு.

கார் அதிகம் ஓடவில்லை; டைமிங் பெல்ட்டை மாற்றத்தான் வேண்டுமா?

ஆம். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயக்கும் இந்தப் பெல்ட் ரப்பரால் ஆனது; ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, ஆண்டுதான் தெரியும். அசையாமல் நிற்கும் காரில் பெல்ட் ஒரே வளைவில் நீண்ட நாள் மடிந்து கிடப்பதும் நல்லதன்று. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை எஞ்சின் உங்களுடையதானால், சேமித்த தொகையைப் போலப் பல மடங்கு செலவாகும். பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும், பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இந்த வேலையின் கூலி மாடலுக்கு மாடல் பெரிதும் மாறும். ஃபெராரி 348, எஃப்355 இரண்டிலும் பெல்ட்டை மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். அடுத்து வந்த 360இல் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள தட்டைக் கழற்றி அந்த வேலையைச் செய்துவிடலாம். எஃப்430 வந்தபோது பெல்ட்டுக்குப் பதில் சங்கிலியே வந்துவிட்டது. எஞ்சினை இறக்கும் மாடல் என்றால், இறக்கியிருக்கும்போதே கிளட்ச், ஹோஸ்கள், எஞ்சின் மவுன்ட், எட்டாத இடத்துச் சென்சார்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். அதற்கான பட்டியலை வேலை தொடங்கும் முன்பே மெக்கானிக்கோடு உட்கார்ந்து எழுத வேண்டும். எஞ்சின் மீண்டும் மேலே ஏறிய பிறகு நினைவுக்கு வரும் பத்து ரூபாய் சீலுக்கு மொத்தக் கூலியையும் மறுபடி கொடுக்க நேரும்.

கியர் விழுவது கடினமாக இருக்கிறது, கியர்பாக்ஸ் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். கியர் குச்சியிலிருந்து பின்னால் உள்ள கியர்பாக்ஸ் வரை நீண்ட கேபிள்களோ கம்பிகளோ செல்கின்றன. அவற்றின் முனைகளில் உள்ள புஷ்கள் தேய்ந்தாலும், கேபிளின் உறைக்குள் ஈரம் புகுந்து இறுகினாலும் இதே அறிகுறி வரும். கிளட்ச் மிதியிலிருந்து பின்னால் செல்லும் நீண்ட ஹைட்ராலிக் குழாயில் காற்று இருந்தாலும் கிளட்ச் முழுவதுமாக விடுபடாது. முதலில் புஷ், பிறகு கேபிள், பிறகு பின்னால் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் என்று விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

துரு எங்கே ஒளிந்திருக்கும்?

மேலே தெரியும் இடங்களை விட, நீர் வடிய வேண்டிய வழிகள் அடைபட்ட இடங்களில். எஞ்சின் மூடியின் துளைகள், பக்கவாட்டுக் காற்று வாய்கள், கழற்றக்கூடிய கூரையின் ஓரங்கள், மடியும் கூரையின் பெட்டி ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் நீரை வெளியேற்ற வடிகால் உண்டு. உதிர்ந்த இலையும் மண்ணும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் நீர் கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதிக்குள்ளும் பின் சக்கர வளைவுக்குள்ளும் இறங்கி, உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். வெளியே கொப்பளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

முதல் தலைமுறை பாக்ஸ்டரில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. கூரை வடிகால் அடைபட்டால் நீர் உள்ளே வந்து இருக்கையின் அடியில் கம்பளத்தில் தேங்கும். சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பெட்டி இருப்பதும் அந்த இருக்கைக்கு அடியில்தான். நனைந்த கம்பளத்தில் தொடங்கும் கதை, கிளம்ப மறுக்கும் காரில் முடிகிறது. ஆண்டுக்கு இருமுறை வடிகால் வாயில் ஒரு குவளை நீரை ஊற்றி, அது தரையில் சொட்டுகிறதா என்று பார்த்தால் போதும். கம்பியைக் குத்திச் சுத்தம் செய்யப் போனால் உள்ளே குழாய் கழன்றுவிடும். மெல்லிய நைலான் இழையே பாதுகாப்பு.

அலுமினிய உடல் என்றால் கவலை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. என்எஸ்எக்ஸின் உடற்கூடு முழுவதும் அலுமினியம், எலிஸின் சட்டகம் பசையால் ஒட்டப்பட்ட அலுமினியம். இரும்புத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியமே கரைந்துபோகும். விபத்தில் மடிந்த எலிஸ் சட்டகத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் வேலையும் செல்லாது.

டயரின் கட்டைகள் புதியவைபோல் இருக்கின்றன, மாற்ற வேண்டுமா?

டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மூன்றே எண்கள் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். அதில் காரைக் கொட்டகைக்கு வெளியே கூட எடுக்க வேண்டாம். பத்து ஆண்டுகளைத் தாண்டிய டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றப்பட வேண்டியதே.

மற்ற கார்களை விட இங்கே இது ஏன் பெரிய விஷயம் என்றால், நடு எஞ்சின் காரில் எடை நடுவில் குவிந்திருப்பதால் அது சுழலத் தொடங்கினால் மிக விரைவாகச் சுழலும். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னே சாய்ந்து, பின் டயர்களின் பிடி குறைந்து, வால் வெளியே வீசும். கெட்டிப்பட்ட ரப்பர் இதற்கு முன்னறிவிப்பே தராது. இரண்டாம் தலைமுறை எம்ஆர்2 இந்தக் குணத்தால் கெட்ட பெயர் வாங்கி, பிறகு அதன் சஸ்பென்ஷன் திருத்தப்பட்டது. முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர்கள் கொண்ட மாடல்களில் அந்த அளவுகளை மாற்றுவதும், நான்கு டயர்களில் இரண்டு வேறு வகைகளைக் கலப்பதும் வேண்டாம்.

சில மாதங்கள் ஓட்டாமல் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தால்?

நிறுத்துவதற்கு முன் எஞ்சின் ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்துள்ள அமிலம் பேரிங்குகளோடு மாதக்கணக்கில் தங்கக் கூடாது. பெட்ரோல் டேங்க்கை நிரப்பி, எரிபொருள் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து, அது குழாய்கள் முழுதும் பரவும்வரை சிறிது தூரம் ஓட்டுங்கள். டயர்களில் காற்றைச் சற்றுக் கூட்டி வையுங்கள். கைப்பிரேக்கைப் போட்டு வைக்காமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். உறை காற்றோட்டம் உள்ள துணியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். காரை முழுதும் காய்ந்த பிறகே மூட வேண்டும். எலிகளுக்கு வயர் உறை பிடிக்கும் என்பதால் எக்ஸாஸ்ட் வாயையும் காற்று உள்வாயையும் அடைத்துவிட்டு, அடைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி, ஸ்டியரிங்கில் ஒட்டாமல் கட்டித் தொங்கவிடுங்கள். பசை ஸ்டியரிங்கின் தோலைக் கெடுக்கும்.

பேட்டரியைத் தானாக நிறுத்திக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜரில் இணைப்பது நல்லது. முழுதாக ஏறிய சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஓய்வு நிலையில் 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். முன் மூடி மின்சாரத்தால் திறக்கும் மாடல்களில் பேட்டரியும் அந்த மூடிக்கு அடியிலேயே இருந்தால், இறந்துபோன பேட்டரி தன்னையே உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும். கையேட்டில் சொல்லப்பட்ட மாற்று வழியை முன்பே படித்து வையுங்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டால் போதாதா?

அது நன்மையை விடத் தீமையே செய்யும். எரிதலில் உண்டாகும் நீராவி குளிர்ந்த எஞ்சினுக்குள்ளும் எக்ஸாஸ்ட்டுக்குள்ளும் நீராகப் படியும்; ஐந்து நிமிடத்தில் அதை வெளியேற்றும் அளவுக்கு ஆயில் சூடாவதில்லை. ஒன்று, மாதம் இருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம். ஓட்டும்போதுதான் பிரேக்கும் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் ஏசியின் சீல்களும் வேலை செய்கின்றன.

பிரேக்குக்குத் தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா?

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டிஓடி 4 என்ற பிரேக் ஆயில் வகைக்கு ஈரமில்லாதபோது குறைந்தது 230 டிகிரியாக இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரி வரை இறங்கலாம். எனவே ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழைய ரப்பர் பிரேக் ஹோஸ் உட்புறமாக வீங்கினால் அழுத்தம் உள்ளே போகும், திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் காலிப்பரைச் சந்தேகிக்கும் முன் ஹோஸைப் பாருங்கள்.

அசல் நிலையிலேயே வைத்திருக்க வேண்டுமா, மேம்படுத்தலாமா?

திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்த மாற்றங்கள் எதையும் நாம் குறை சொல்வதில்லை. நல்ல ஹோஸ், நல்ல குழாய், திறன் கூடிய ரேடியேட்டர் ஆகியவை காரைக் காப்பவை. உடலை வெட்டுவது, துளையிடுவது, எஞ்சினை மாற்றுவது ஆகியவை வேறு வகை. தொழிற்சாலை எண்கள் பொருந்தும் எஞ்சின் உடைய காருக்கு வாங்குபவரிடையே எப்போதும் மதிப்பு உண்டு. கழற்றிய அசல் பாகம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் குப்பையில் போடாமல், சீட்டுக் கட்டி, பெட்டியில் வைத்து, காரோடு அடுத்தவருக்குக் கொடுங்கள். அசல் பெயின்ட் சற்று மங்கியிருந்தால் அதுவும் அழகே. புதிதாகப் பூசிய பளபளப்பை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். தொழிற்சாலைப் பெயின்ட்டை வாங்க முடியாது.

உதிரிபாகங்கள் கிடைக்குமா?

எஞ்சின் பாகங்கள் பெரும்பாலும் கிடைக்கும். அதே எஞ்சின் வேறு சாதாரண கார்களிலும் ஓடியிருக்கும். முதல் எம்ஆர்2இன் 1.6 லிட்டர் 4ஏ-ஜிஇ எஞ்சின் கொரோலாவிலும் இருந்தது. கிடைக்காமல் போவது அந்த மாடலுக்கே உரியவை: விளக்கு, கண்ணாடி, கதவு ரப்பர், உட்புறப் பிளாஸ்டிக், மின்னணுப் பெட்டிகள். முன் கண்ணாடியின் ரப்பரும் கதவு ரப்பரும் எங்காவது புதியதாகக் கண்ணில் பட்டால், இப்போது தேவையில்லை என்றாலும் வாங்கி வைப்பவர் பின்னால் வருந்துவதில்லை.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

தேய்மானம் கழித்த சந்தை மதிப்பு என்று இல்லாமல், முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பு என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை நிரூபிக்கத் தேதியிட்ட புகைப்படங்களும் ரசீதுகளும் தேவை. அவற்றின் நகலைக் காருக்கு வெளியே வேறோர் இடத்தில் வையுங்கள்.

இப்போதுதான் வாங்கியிருக்கிறேன்; எந்த வேலையை முதலில் செய்வது?

முதலில் பெட்ரோல் ஹோஸ்கள், அதே நாளில் டயரின் தேதி. அடுத்து பிரேக் ஆயிலும் பிரேக் ஹோஸ்களும். பிறகு காரை லிஃப்டில் ஏற்றிக் கூலன்ட் குழாய்களைக் கிளாம்ப் கிளாம்பாகப் பார்த்து, கூலன்ட்டையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். பெல்ட் மாற்றப்பட்டதற்கு ரசீது இல்லை என்றால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு அதையும் செய்துவிடுங்கள். விற்றவரின் வாய்மொழியை வைத்து எஞ்சினைப் பணயம் வைக்க வேண்டாம். பெயின்ட், சக்கரம், இருக்கைத் தோல் ஆகியவற்றுக்கு அடுத்த ஆண்டு வரை நேரம் இருக்கிறது.